ஒரே நாற்காலி, மூன்று தோல்விகள்: பழைய செனட்டரை அசைக்க முடியுமா?

அமெரிக்காவின் வடமேற்கில், கனடா எல்லையை ஒட்டி மான்டானா என்றொரு மாநிலம் இருக்கிறது. கோதுமை வயலும் மாட்டுப் பண்ணையும் மலையுமாக நிலம் பரந்து கிடக்கும். மக்கள் என்னவோ பதினோரு லட்சத்துச் சொச்சம்தான். அந்த மாநிலத்துக்குரிய இரண்டு செனட் இடங்களில் ஒன்று மூன்று முறை விசித்திரமாகக் கைமாறியது. 1988-இல் ஜான் மெல்ச்சர் என்ற செனட்டரைத் தோற்கடித்து கான்ராட் பர்ன்ஸ் வந்தார். பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். 2006-இல் பர்ன்ஸைத் தோற்கடித்து ஜான் டெஸ்டர் வந்தார். அவரும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். 2024-இல் டெஸ்டரை டிம் ஷீஹி தோற்கடித்தார். மூன்று முறையும் பதவியில் இருந்தவர் ஓய்வு பெறவில்லை, இறக்கவில்லை. களத்தில் நின்று தோற்றார்.

இதைப் படித்துவிட்டு, அமெரிக்காவில் செனட்டரை வீழ்த்துவது சாதாரணம் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2022 தேர்தலில் மீண்டும் போட்டியிட்ட செனட்டர்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. மக்களே நேரடியாகச் செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஒருவரும் தோற்காதது அந்த ஒரு முறைதான் என்றாலும், மற்றத் தேர்தல்களிலும் போட்டியிடும் செனட்டர்களில் பெரும்பாலோர் கரை சேர்ந்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக 1980 என்றொரு ஆண்டும் உண்டு. ரொனால்ட் ரீகன் அதிபரான அலையில் ஜார்ஜ் மெக்கவர்ன், ஃபிராங்க் சர்ச், பெர்ச் பே, 1944 முதல் செனட்டில் இருந்த வாரன் மேக்னசன் என்று பெரிய தலைகள் வரிசையாக உருண்டன. ஆக, முடியுமா என்றால் முடியும். எப்போது முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கான விடையில் எதிர்த்து நிற்பவரின் திறமைக்கு நாம் நினைப்பதைவிடக் குறைந்த பங்குதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அடிப்படை. செனட் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை. மாநிலத்துக்கு இருவர் வீதம் ஐம்பது மாநிலங்களுக்கு நூறு பேர். கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலத்துக்கும் இருவர், மான்டானாவுக்கும் இருவர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் வரும். நம் மாநிலங்களவையைப் போலவே ஒரு காலத்தில் செனட்டர்களையும் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1913-இல் வந்த 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் அந்த வாக்கை மக்கள் கையில் கொடுத்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம். சில மாநிலங்கள் இதற்கு உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தன. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பர்ட் 51 ஆண்டுகள் செனட்டராக இருந்து, பதவியிலேயே இறந்தார். தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் நூறு வயதைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பதவியில் இருப்பவருக்கு அப்படி என்ன பலம்? பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பது வெளிப்படை. அதைவிட ஆழமான பலம் அவருடைய அலுவலகத்தில் இருக்கிறது. முன்னாள் ராணுவ வீரரின் ஓய்வூதியம் சிக்கிக்கொண்டாலும், பாஸ்போர்ட் தாமதமானாலும், குடியேற்ற விண்ணப்பம் எங்கோ கிடப்பில் கிடந்தாலும் மாநிலத்தில் உள்ள செனட்டர் அலுவலகத்துக்குத்தான் மக்கள் போன் செய்வார்கள். அந்தப் பணிக்கென்றே அங்கே ஊழியர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்த குடும்பம் கட்சி பார்க்காமல் அவரை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தது மூப்பு. செனட்டில் ஆண்டுகள் ஏற ஏற முக்கியக் குழுக்களின் தலைமை கிடைக்கும். நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர் என்றால், சொந்த மாநிலத்துக்குப் பாலமும் துறைமுகமும் ஆய்வுக்கூடமும் கொண்டுவர முடியும். புதிதாக வருபவருக்கு அந்த இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். இதைத்தான் பழைய செனட்டர்கள் ஒவ்வொரு மேடையிலும் நினைவூட்டுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பலமும் உண்டு. நல்ல வேட்பாளர்கள் அவரை எதிர்க்கவே மாட்டார்கள். ஒருவர் ஆளுநராகவோ கீழவை உறுப்பினராகவோ இருக்கிறார் என்றால், கையில் இருக்கும் பதவியை விட்டுவிட்டு, தோற்கும் வாய்ப்பு மிகுந்த போட்டியில் ஏன் குதிக்க வேண்டும்? செனட்டர் ஓய்வு பெறட்டும் என்று காத்திருப்பார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2016-இல் செனட்டர் ஆனது அப்படிக் காலியான இடத்தில்தான். பார்பரா பாக்ஸர் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்த பிறகே அந்தக் கதவு திறந்தது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களே பெரும்பாலும் நேருக்கு நேர் மோத வருகிறார்கள். அவர்கள் தோற்பதால் செனட்டரின் வெற்றி விகிதம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது மான்டானாவுக்குத் திரும்புவோம். 2006-இல் பர்ன்ஸ் எப்படித் தோற்றார்? மனிதர் கால்நடை ஏலம் விட்டவர், வானொலியில் பண்ணைச் செய்தி வாசித்தவர். மண்ணோடு பழகிய மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஜாக் ஆப்ரமாஃப் என்ற அரசியல் தரகரின் ஊழல் விவகாரம் அப்போது வாஷிங்டனையே உலுக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தரகரும் அவருடைய வாடிக்கையாளர்களும் கொடுத்த நன்கொடை பர்ன்ஸின் தேர்தல் கணக்கில் தாராளமாக இருந்தது. அவர் மீது வழக்கு எதுவும் பதிவாகவில்லை. இருந்தாலும் கறை ஒட்டிக்கொண்டது. அது போதாதென்று, அந்த ஜூலை மாதம் பில்லிங்ஸ் விமான நிலையத்தில், காட்டுத்தீயை அணைத்துவிட்டு ஊர் திரும்பக் காத்திருந்த தீயணைப்பு வீரர்களிடம் போய், வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று கடிந்துகொண்டார். ஒவ்வொரு கோடையிலும் காடு பற்றி எரியும் மாநிலத்தில், வர்ஜீனியாவிலிருந்து உதவிக்கு வந்தவர்களிடம் ஒரு செனட்டர் பேசும் பேச்சா அது? பிறகு மன்னிப்புக் கேட்டார்.

எதிரே நின்ற டெஸ்டர் ஜனநாயகக் கட்சிக்காரர், பிக் சாண்டி என்ற சிற்றூரின் விவசாயி. சிறுவனாக இருந்தபோது இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இடது கையின் மூன்று விரல்களை இழந்தவர். ராணுவ வீரர் பாணியில் ஒட்ட வெட்டிய முடி. அதையே விளம்பரமாக்கி முடிதிருத்தும் கடையில் படம் எடுத்தார்கள். மாநில மேலவைத் தலைவராகவும் இருந்தவர் என்பதால் அரசியலுக்குப் புதியவர் அல்லர். இராக் போரால் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் பர்ன்ஸும் சார்ந்த குடியரசுக் கட்சிக்கு எதிராக நாடு முழுவதும் காற்று வீசிய ஆண்டு அது. இத்தனையும் சேர்ந்தும் டெஸ்டர் வென்றது நான்கு லட்சம் வாக்குகளில் சுமார் 3,500 வித்தியாசத்தில்தான். லிபர்டேரியன் என்ற சிறு கட்சிக்காரர் ஒருவர் பத்தாயிரம் வாக்குகளுக்கு மேல் பிரித்திருந்தார். அவர், வெள்ளி கலந்த கரைசலை மருந்தாகக் குடித்துக் குடித்துத் தோல் நீலம் பாரித்துப்போனவர்! செனட்டில் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்த பெரும்பான்மை வெறும் 51–49. மான்டானா மட்டும் மாறியிருந்தால் அவையே கைமாறியிருக்காது.

ஊழல் நிழல், வாய்த்துடுக்கு, எதிர்க்காற்று, பொருத்தமான எதிராளி ஆகிய நான்கும் ஒரே ஆண்டில் கூடி வந்தும், மயிரிழையில்தான் பர்ன்ஸ் வீழ்ந்தார். பழைய செனட்டரை வீழ்த்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த ஒரு தேர்தலே போதும்.

2024-இன் கதை வேறு. டெஸ்டர் மீது ஊழல் புகார் இல்லை. இடைப்பட்ட இரண்டு தேர்தல்களிலும், 2012-இல் ஏறக்குறைய நான்கு சதவீதப் புள்ளி, 2018-இல் மூன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் தப்பியிருந்தார். 2012-இல் அதே வாக்குச்சீட்டில் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி அங்கே 13 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்றார். அதாவது மேலே குடியரசுக் கட்சிக்குப் போட்ட கையால் கீழே டெஸ்டருக்குப் போட்டவர்கள் ஏராளம். 2024-இல் எதிராளி, குடியரசுக் கட்சியின் ஷீஹி, மினசோட்டாவில் பிறந்தவர். கடற்படையின் சிறப்புப் படையில் இருந்துவிட்டு, பத்தாண்டுகளுக்கு முன்புதான் மான்டானாவில் குடியேறியவர். விமானத்திலிருந்து காட்டுத்தீ அணைக்கும் நிறுவனம் நடத்தியவர் என்பது பர்ன்ஸின் கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும். வெளியூர்க்காரர், பணக்காரர் என்று டெஸ்டர் தரப்பு தொண்டை வற்றக் கத்தியது. பலன் இல்லை. டிரம்ப் அங்கே 20 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். ஷீஹி 7 புள்ளி வித்தியாசத்தில். கமலா ஹாரிஸ் பெற்றது 38.5 சதவீதம், டெஸ்டர் பெற்றது 45.5 சதவீதம். கட்சியைவிட ஏழு சதவீதம் கூடுதலாக வாங்கிய மனிதர் தோற்றார்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 2004-இல் புஷ்ஷும் மான்டானாவை 20 புள்ளி வித்தியாசத்தில்தான் வென்றார். அப்படிப்பட்ட மாநிலத்தில் இரண்டே ஆண்டுகளில் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் செனட்டராக முடிந்தது. 2024-இல் முடியவில்லை. ஆளுக்கு ஏற்ப, பதவிக்கு ஏற்ப வாக்கைப் பிரித்துப் போடும் பழக்கம் நடுவில் தேய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு இம்முறை அதிபர் தேர்தலும் அதே நாளில் வந்தது. 2016-இல் செனட் தேர்தல் நடந்த 34 மாநிலங்களிலும், அதிபர் தேர்தலில் வென்ற கட்சியே செனட் இடத்தையும் வென்றது. 2024 தேர்தலுக்குப் பின் கணக்கு இன்னும் கறாராகிவிட்டது. டிரம்ப் மூன்று முறையும் வென்ற மாநிலங்கள் 25. 2025 ஜனவரியில் அவற்றின் ஐம்பது செனட்டர்களும் குடியரசுக் கட்சியினர். ஒஹாயோவின் ஷெராட் பிரவுன், பென்சில்வேனியாவின் பாப் கேசி என்று டெஸ்டரோடு சேர்ந்து பதினெட்டு ஆண்டு முடித்த மேலும் இருவரும் அதே நாளில் மண்ணைக் கவ்வினார்கள். மூவரையும் 2006-இன் அலைதான் கொண்டுவந்தது.

ஆகவே, ஒரு செனட்டருக்குக் கடும் போட்டி என்று செய்தி வந்தால், எதிராளியின் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று அதிபர் தேர்தல்களில் அந்த மாநிலம் எந்தப் பக்கம் சாய்ந்தது? தேர்தல் வருவது யாருடைய ஆட்சியின் நடுவில்? அதிபரின் கட்சிக்கு இடைக்காலத் தேர்தல் பெரும்பாலும் சோதனைக் காலம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ், குடியரசுக் கட்சி, 1997 முதல் செனட்டர். 2020-இல் வெளியான கருத்துக்கணிப்புகள் பெரும்பாலும் எதிராளி சாரா கிடியனே முந்துவதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மெய்னில் பைடன் 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்; காலின்ஸும் எட்டுப் புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்று வென்றார். அந்த ஆண்டு அதிபர் ஒரு கட்சி, செனட்டர் ஒரு கட்சி என்று பிரித்துப் போட்ட ஒரே மாநிலம் அதுதான். சிறிய மாநிலம், நேரில் பார்த்துப் பழகிய முகம். அங்கே தனிமனிதச் செல்வாக்கு இன்னும் செல்லுபடியாகிறது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் வாசகர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 2020-இல் கென்டக்கியில், செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானலை எதிர்த்த ஏமி மெக்ராத் திரட்டியது 9 கோடி டாலருக்கும் மேல். தென் கரோலினாவில் லிண்ட்சே கிரகாமை எதிர்த்த ஜேமி ஹாரிசன் மூன்றே மாதத்தில் 5.7 கோடி டாலர் திரட்டிச் சாதனை படைத்தார். முடிவு? மெக்ராத் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார், ஹாரிசன் பத்துப் புள்ளி வித்தியாசத்தில். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அந்தந்த மாநிலத்து வாக்காளர்களுடையது அன்று. நாட்டின் மறுகோடியில் மெக்கானல் மீது கோபம் கொண்டிருந்தவர்கள் இணையம் வழியாக அனுப்பியது. கோபத்துக்குப் பணம் கொடுக்கலாம். கென்டக்கியில் வாக்குப் போட முடியாது. 1990-இல் மினசோட்டாவில் பால் வெல்ஸ்டோன் என்ற கல்லூரிப் பேராசிரியர், தன்னைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு செலவு செய்த செனட்டர் ரூடி போஷ்விட்ஸை, ஒரு பழைய பச்சைப் பேருந்தில் ஊர் ஊராகப் போய்த் தோற்கடித்தார். அந்த ஆண்டு பதவியிலிருந்த செனட்டரை வீழ்த்தியவர் அவர் ஒருவர்தான். பணம் இல்லாமல் களத்தில் பெயரே தெரியாது, உண்மை. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு கொட்டும் ஒவ்வொரு கோடியும் தொலைக்காட்சி விளம்பரத்தில் கரைவதோடு சரி.

இதுவரை பார்த்தது எதிர்க்கட்சிக்காரர் முன்வாசலில் மோதும் கதை. மாநிலம் ஒரே கட்சியின் கோட்டையாக இருந்தால் முன்வாசல் திறக்காது. பின்வாசல் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் சீட்டு யாருக்கு என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். அமெரிக்காவில் அதற்கே ஒரு தேர்தல் உண்டு; பிரைமரி என்பார்கள். சொந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். முப்பது ஆண்டு செனட்டராக இருந்தவரும் அந்த வரிசையில் நின்றாக வேண்டும். பிரைமரிக்கு வந்து வாக்களிப்பவர்கள் சிறு கூட்டம், கொள்கைப் பிடிப்பு மிகுந்த கூட்டம்.

இண்டியானாவின் ரிச்சர்ட் லூகர் அங்கேதான் வீழ்ந்தார். 1977 முதல் செனட்டர். சோவியத் யூனியன் உடைந்தபோது அங்கே சிதறிக் கிடந்த அணு ஆயுதங்களை அழிக்க, எதிர்க்கட்சியின் சாம் நன்னோடு சேர்ந்து திட்டம் கொண்டுவந்தவர். உலகம் மதித்த மனிதர். 2006-இல் ஜனநாயகக் கட்சி அவரை எதிர்த்து ஆள்கூட நிறுத்தவில்லை. 87 சதவீத வாக்கு வாங்கினார். ஆறே ஆண்டுகளில், 2012 பிரைமரியில், மாநிலப் பொருளாளர் ரிச்சர்ட் மர்டாக்கிடம் 39 சதவீதத்தோடு தோற்றார். எதிர்க்கட்சியோடு கைகோப்பவர் என்ற கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு வீட்டு முகவரி. 1977-இல் விற்றுவிட்ட இண்டியானாபொலிஸ் வீட்டின் முகவரியிலேயே அவர் இன்னமும் வாக்காளராகப் பதிந்திருந்தார். சொந்த மாநிலத்துக்கு வந்தால் ஹோட்டலில் தங்கினார். ‘தொகுதிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்’ என்ற குற்றச்சாட்டுக்கு உலகெங்கும் ஒரே வலிமைதான். ஆனால் மர்டாக்கும் செனட்டுக்குப் போகவில்லை. வன்புணர்வால் உண்டாகும் கருவைப் பற்றி விவாத மேடையில் அவர் சொன்னது பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஜோ டானலி வென்றார். ஊர் இரண்டு பட்ட கதைதான்.

பிரைமரியில் தப்பிக்கும் வித்தையும் உண்டு. மிசிசிப்பியின் தாட் காக்ரன் 2014 பிரைமரியில் கிறிஸ் மெக்டேனியலைவிடச் சற்றுப் பின்தங்கினார். இருவரும் பாதி வாக்கைத் தொடாததால் மூன்று வாரத்தில் மறுசுற்று. அந்த மாநிலத்தில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்காத எவரும் குடியரசுக் கட்சியின் மறுசுற்றில் வாக்களிக்கலாம். காக்ரன் அணி, பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் கறுப்பின மக்களிடம் நேரே போனது. மத்திய அரசிடமிருந்து அவர் கொண்டுவந்த பணம் நின்றுவிட்டால் என்னவாகும் என்று கேட்டது. வாக்குப்பதிவு கூடியது, சுமார் 7,600 வாக்கு வித்தியாசத்தில் காக்ரன் பிழைத்தார். சொந்தக் கட்சியின் பிரைமரியை எதிர்க்கட்சி வாக்கால் வென்றவர் என்று மெக்டேனியல் வழக்குப் போட்டார், எடுபடவில்லை. அலாஸ்காவின் லீசா மர்காவ்ஸ்கி இன்னும் ஒரு படி மேலே போனார். 2010 பிரைமரியில் தோற்றபின், வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், வாக்காளர்கள் தம் கையால் அவர் பெயரை எழுதிப் போடும் முறையில் நின்று வென்றார். எழுத்துப்பிழை வராமலிருக்கப் பெயர் பொறித்த கைப்பட்டைகளை அவருடைய ஆட்கள் ஊரெல்லாம் கொடுத்தார்கள்.

தோற்கடிப்பவர்களே பிறகு நகராமல் உட்கார்ந்துவிடுவது இந்த அரசியலின் வேடிக்கை. 1972-இல் டெலவேரில் 29 வயது ஜோ பைடன், இரண்டு முறை செனட்டராக இருந்த கேலெப் பாக்ஸை மூவாயிரத்துச் சொச்சம் வாக்கில் வீழ்த்தினார். பாக்ஸ் ஓய்வு பெறவே விரும்பினார். அதிபர் நிக்சன் வற்புறுத்தியதால் நின்றவர். செனட்டராக முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். பைடனுக்குத் தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் நடுவில் முப்பது நிறைந்தது. பிறகு 36 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1976-இல் யூட்டாவில் ஆரின் ஹேட்ச், பதினெட்டு ஆண்டு இருந்த ஃபிராங்க் மாஸை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது என்று பிரசாரம் செய்து வென்றார். அவரை வீட்டுக்கு அழைக்க யூட்டாவுக்கு 42 ஆண்டுகள் ஆயின. அதுவும் அவராகவே ஓய்வு பெற்றார்.

கடைசியாக, புள்ளிவிவரத்தில் வராத ஒரு வகைத் தோல்வி இருக்கிறது. செனட்டர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார், பிரைமரியில் கரை சேர மாட்டோம் என்று தெரிகிறது, மரியாதையாக விலகிக்கொள்கிறார். அரிசோனாவின் ஜெஃப் ஃபிளேக் டிரம்பை விமர்சித்துச் சொந்தக் கட்சியின் ஆதரவை இழந்தார். பிரைமரியில் மோத கெல்லி வார்டு காத்திருந்த நிலையில், 2017 அக்டோபரில் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த இடத்துக்கு 2018-இல் வந்த ஜனநாயகக் கட்சியின் கிர்ஸ்டன் சினிமாவும் கட்சிக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்து 2022 டிசம்பரில் கட்சியை விட்டு வெளியேறினார். அடுத்த மாதமே ஜனநாயகக் கட்சியின் ரூபன் கலேகோ அந்த இடத்துக்குப் போட்டி என்று அறிவித்தார். 2024 மார்ச்சில் சினிமா ஒதுங்கிக்கொள்ள, நவம்பரில் கலேகோ வென்றார். ஃபிளேக்கும் சினிமாவும் ஓய்வு பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். தோற்றவர்கள் பட்டியலில் இல்லை.